60 டன் தூண் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் கம்பெனியில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். போன செப்டம்பரில் வெரோனா கல் கண்காட்சிக்கு முதலாளி கூட்டிப்போனார். திரும்பும்போது ரோமில் ஒருநாள். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குள் போய் நிமிர்ந்ததும் கண் கலங்கிவிட்டது. கூட வந்தவர்கள் போட்டோ எடுத்து முடித்துக் கூப்பிட்டும் நான் நகரவில்லை. ஊருக்கு வந்தபிறகு அது உறுத்துகிறது. தர்மபுரி கோட்டைக் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்லை. வெள்ளைக்காரன் கட்டினால்தான் வாயைப் பிளப்பேனா?

(பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கோட்டைக் கோயிலுக்கு நீங்கள் போவது கும்பிட. தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, வெளியே விட்ட செருப்பு இருக்கிறதா என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். ரோமில் உங்களுக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை, அண்ணாந்து பார்ப்பதுதான் வேலை. அவ்வளவுதான் விஷயம், இதில் அடிமைப் புத்தி எங்கே வந்தது?

நானும் அங்கே நின்றிருக்கிறேன். 43 மீட்டர் அகலக் குவிமாடம், கம்பி கட்டாத கான்கிரீட், 1900 வருடமாக நிற்கிறது. அடியில் சுமார் 6 மீட்டர் கனம், மேலே போகப்போக மெலிந்து 1.2 மீட்டர். உச்சிப் பக்கம் ஜல்லிக்குப் பதில் எடை குறைந்த எரிமலை நுரைக்கல் போட்டுப் பாரத்தைக் குறைத்திருக்கிறான். நடுவில் திறந்த வட்டம். நான் போன அன்று மழை. அது நேராக உள்ளே இறங்கி, தரையில் போட்டிருக்கும் துளைகள் வழியாக ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். வாசல் தூண்களைக் கவனிக்கவே இல்லை.

நீங்கள் கவனித்திருப்பீர்கள், கல்லோடு புழங்குகிற ஆள். ஒவ்வொன்றும் ஒரே கல், சுமார் 60 டன். சாம்பல் நிறத் தூண்கள் எகிப்துப் பாலைவனத்தில் வெட்டி, நைல் வழியாகக் கடல் தாண்டி வந்தவை. எங்கள் வீட்டுப் பக்கத்துக் குவாரியில் முன்பெல்லாம் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்குவார்கள். ஒரு பெரியவர் ஒவ்வொரு ஆப்பாகத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறியதும் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்திவிடுவார். கொஞ்ச நேரத்தில் கல் தானாகப் பிளந்துவிடும். ரோமானியனும் ஆப்பு வைத்துத்தான் பிளந்தான். விரிசல் கண்டதால் கைவிட்ட ராட்சசத் தூண் ஒன்று எகிப்துக் குவாரியில் இன்னும் கிடக்கிறது. ஒரு பிளாக்கில் நூல் அளவு கீறல் தெரிந்தால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கண் கலங்கியதில் அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். எனக்குக் கலங்கவில்லை, கழுத்துதான் வலித்தது.

அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கும் மல்லச்சந்திரம் குன்றுக்குப் போய் வாருங்கள். கோபுரம் கிடையாது, தூண் கிடையாது. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல். பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை. நம் பக்கத்தில் இந்த மாதிரிக் கல்வீடுகளைப் பாண்டவர் வீடு என்பார்கள். உண்மையில் இரும்புக் கால மனிதர்கள் செத்தவர்களுக்காக எழுப்பியவை. அந்த வட்டத்தின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, எப்படி வெட்டியிருப்பான் என்று எனக்கு எழுதுங்கள். நான் நாலு தடவை தடவியும் பிடிபடவில்லை.

தண்ணீர் எடுத்துப் போங்கள். மேலே நிழல் என்றால் அந்தக் கல்வீடுகளுக்குள்தான்.