வளைகாப்புக்கு மூன்று வாரம்: மங்கு, மருதாணி, இடுப்பை அறுக்கும் நாடா

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். 26 வாரம் முடிந்திருக்கிறது, மூன்று வாரத்தில் வளைகாப்பு. நான்காம் மாதத்திலிருந்து கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு படர்ந்துகொண்டே வருகிறது. ஒரு கிரீம் தருகிறோம், பத்தே நாளில் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள் பார்லரில். முன்நெற்றியில் நாலைந்து நரை தெரிகிறது, டை அடிக்கலாமா? கோன் மருதாணி வைக்கலாமா? பட்டுப்புடவை கட்டிப் பார்த்தேன், நாடா இடுப்பை அறுக்கிறது. பிள்ளை பெற்றதும் முடி கொட்டும், வயிறு தொங்கும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். "வயித்துல பிள்ளைய வச்சுகிட்டு என்னடி அலங்காரம்" என்று அம்மா வேறு. நான் இதையெல்லாம் கேட்பது தப்பா டாக்டர்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கோவை வாசகி)

பதில்: தப்பே இல்லை. சந்தனம், குங்குமம், பூ, பட்டு, கை நிறையக் கண்ணாடி வளையல் என்று கர்ப்பிணியை உட்கார வைத்து அலங்கரிப்பதுதானே வளைகாப்பு? அம்மாவிடமே இதைக் கேளுங்கள், சிரித்துவிடுவார்.

தோல் மருத்துவராக எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்தது அந்தப் "பத்து நாள் கிரீம்" ஒன்றுதான். லிப்ஸ்டிக்கைப் பற்றியும் நகப்பூச்சைப் பற்றியும் வீட்டில் பெரியவர்கள் கவலைப்படுவார்கள். பெயர் தெரியாத ட்யூபைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மங்கு ஏன் வருகிறது என்று பாருங்கள். கர்ப்ப காலத்தில் ஏறும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் தோலில் நிறம் தரும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அதே காரணத்தால்தான் தொப்புளுக்குக் கீழே கருப்புக்கோடு விழுகிறது, மார்புக் காம்பைச் சுற்றிக் கருக்கிறது, கழுத்தும் அக்குளும் கருக்கின்றன. முகத்தில் வெயிலும் சேர்ந்துகொள்வதால் மங்கு அங்கே அழுத்தமாக விழுகிறது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானாகவே வெளுக்கும். சிலருக்கு ஓரளவு தங்கிவிடும், அதற்கு அப்போது மருந்து இருக்கிறது. இப்போது அவசரப்பட்டு வெளுக்க வைக்க வேண்டியதில்லை.

பத்து நாளில் வெளுக்கும் கிரீமில் என்ன இருக்கும்? பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த கலவை. இதில் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன் தோலோடு நிற்பதில்லை. தடவியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடலுக்குள் போகிறது. ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ வகை. அந்த வகையை மாத்திரையாக விழுங்கினால் கருவுக்கு ஊனம் வரும் என்பது உறுதியாகத் தெரிந்தது, அதனால் கிரீமாகக்கூட கர்ப்பிணிகளுக்கு நாங்கள் எழுதுவதில்லை. ஸ்டீராய்டை முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் பூனைமுடியும் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும், எரிச்சல் தாங்காமல் திரும்பவும் அதையே பூசத் தோன்றும். 2018-லேயே இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. மெடிக்கலில் கேட்டால் எடுத்துக் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

இதைவிட மோசமானது, தயாரிப்பாளர் முகவரியோ பேட்ச் எண்ணோ இல்லாமல் டப்பாவில் வரும் வெளுப்பு கிரீம். அதில் பாதரசம் இருக்கலாம். 2023-ல் பக்கத்து மாநிலமான கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரக நோயோடு வந்த பலரை விசாரித்தபோது, பொதுவாக இருந்தது அவர்கள் பூசிய ஃபேர்னஸ் கிரீம். பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். இப்படி எதையாவது ஏற்கெனவே சில நாள் போட்டிருந்தால் பதற வேண்டாம். நிறுத்திவிட்டு, அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

சரி, இந்த மூன்று வாரத்துக்கு என்னதான் செய்வது? சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாக, முடிந்தால் லேசாகத் தோல் நிறம் கலந்த 'டின்டட்' வகையாக வாங்குங்கள். அந்த நிறத்தைத் தரும் அயர்ன் ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கிறது. மங்குக்கு அந்த வெளிச்சமும் ஆகாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கான அளவு. பட்டாணி அளவு தொட்டுத் தேய்ப்பதில் பயனில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை. மருந்தே வேண்டும் என்றால் அசெலைக் ஆசிட் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியது, அதையும் ஒரு தோல் மருத்துவர் பார்த்துத் தரட்டும். அன்றைக்கு மறைக்க ஒரு கன்சீலர் போதும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்காதீர்கள், வெயில் பட்டால் அது தனியாகக் கருக்கும்.

டை அடிக்கலாம். மண்டைத் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு, நீங்கள் முதல் மூன்று மாதத்தையும் தாண்டிவிட்டீர்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு, வேரில் தேய்க்காமல் முடியில் மட்டும் பூசி, சொன்ன நேரத்தில் அலசிவிடுங்கள். 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது அவசியம். பல வருடமாக ஒத்துக்கொண்ட டைகூட திடீரென்று ஒவ்வாமல் போவதுண்டு. நாலைந்து நரைதான் என்றால் உச்சியில் ஒரு சரம் மல்லிகை போதாதா என்பது என் சொந்தக் கருத்து.

மருதாணி இலை அரைத்து வைப்பதில் பயமில்லை. கோன் வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். மருதாணி ஆரஞ்சாகப் பிடித்து அடுத்த நாள் செம்பழுப்பாக மாறும். பத்து நிமிடத்தில் கருகருவென்று பிடித்தால் அதில் பி.பி.டி. என்ற டை ரசாயனம் கலந்திருக்கிறது. கை முழுக்கக் கோலம் போட்ட வடிவத்திலேயே கொப்புளம் கிளம்பி வளைகாப்பன்று அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: ஆசைக்குக்கூட பிறந்த குழந்தையின் கையிலோ காலிலோ மருதாணி வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு இயற்கை மருதாணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். குறை இருக்கிறதா என்று வெளியே பார்த்தால் தெரியாது.

இப்போது புடவை. உங்கள் கஷ்டத்துக்குக் காரணம் பட்டு இல்லை, பாவாடை நாடா. மெல்லிய கயிறு ஒரே இடத்தில் இறுகும்போது தோல் உரசிக் கருத்து அரிக்கும். டெய்லரிடம் கொடுத்து நாடாவை எடுத்துவிட்டு, நான்கு விரல் அகலத்துக்கு மிருதுவான எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதை வயிற்றின் மேல் ஏற்றாமல், வயிறு முடியும் இடத்துக்குக் கீழே உட்கார வையுங்கள். அப்படிக் கட்டும்போது முன்பக்கம் தரையில் இழுபடும், அதனால் கணுக்கால் தெரியும் அளவுக்குத் தூக்கியே கட்டுங்கள். இப்போதெல்லாம் குனிந்தால் கால் தெரியாது, புடவை தடுக்குவதும் தெரியாது. கொசுவத்தைக் குறைத்து, நடுவயிற்றில் செருகாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அழுத்தம் இராது. உடலைப் பிடித்து நிற்கும் 'ஷேப்வேர்' பாவாடை இப்போது வேண்டாம்.

கனமான ஜரிகை போட்ட காஞ்சிபுரத்தைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் உட்கார்வது யாருக்குமே சுமைதான். கல்யாணப் பட்டைத்தான் கட்ட வேண்டும் என்றால் வளையல் அடுக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள், மற்றபடி சாஃப்ட் சில்க்கோ மெல்லிய கோவைக் காட்டனோ இருக்கட்டும். பிளவுஸ் அளவை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடாதீர்கள், மார்பளவு மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அளவு கொடுத்து, இரண்டு பக்கமும் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டு, முன்பக்க ஹூக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பிளவுஸுக்கு முன்னால் பிராவைக் கவனியுங்கள். பழைய அளவையே மாட்டிக்கொண்டு, கம்பி குத்தி, மார்புக்கடியில் வியர்க்குரு வந்து வருபவர்கள் ஏராளம். கம்பி இல்லாத, அகலப் பட்டை வைத்த காட்டன் பிரா வாங்குங்கள். பாலூட்டும் பிராவை ஒன்பதாம் மாதத்தில் வாங்கினால் போதும், அதற்கு முன் அளவு நிலைக்காது.

வளையல் அளவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கடையில் டூ ஃபோர், டூ சிக்ஸ், டூ எய்ட் என்று சொல்வது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. டூ சிக்ஸ் என்றால் விட்டம் இரண்டு புள்ளி ஆறு அங்குலம் கிடையாது, இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும். ஒவ்வோர் அளவுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஏழாம் மாதத்துக் கைக்கு அது பெரிய வித்தியாசம். வழக்கமான அளவுக்கு ஒன்று கூட்டியே வாங்கச் சொல்லுங்கள். மோதிரம் இறுகத் தொடங்கினால் இன்றைக்கே சோப்பு போட்டுக் கழற்றிவிடுங்கள். காலில் மாலை நேரத்து வீக்கம் சகஜம். முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் அது ரத்த அழுத்தமாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதேபோல வயிற்றுத் தோல் இழுபட்டு அரிப்பதற்குத் தேங்காய் எண்ணெய் போதும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பே இல்லாமல் ராத்திரி அரித்தால் ஈரல் சம்பந்தப்பட்டதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். வயிற்றுத் தழும்பை வராமல் தடுக்கும் என்று விற்கும் விலையுயர்ந்த எண்ணெய்களை நம்பிச் செலவழிக்காதீர்கள். தழும்பு பெரும்பாலும் குடும்ப வாகு. அம்மாவின் வயிற்றைப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டுமா? பலருக்குக் கொட்டும். கர்ப்பத்தில் ஹார்மோன் தயவில் உதிராமல் தங்கிய முடிதான், இரண்டிலிருந்து நான்கு மாதம் கழித்து மொத்தமாக உதிர்கிறது. வழுக்கை விழாது. குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் பெரும்பாலும் பழையபடி வளர்ந்துவிடும், நெற்றியோரம் குட்டிமுடி எழும்பி நிற்பது அதன் அடையாளம். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் ரத்தத்தில் இரும்பும் தைராய்டும் பாருங்கள். அந்தப் பரிசோதனைக்கு முன் முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வயிற்றில் துணி கட்டுவது பற்றி வீட்டில் நிச்சயம் பேச்சு வரும். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஏறக்குறைய ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும், துணி கட்டினாலும் கட்டாவிட்டாலும். பழைய காட்டன் புடவையை லேசாகச் சுற்றினால் இடுப்புக்கு ஆதாரமாக, நடக்கத் தெம்பாக இருக்கும். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்த தசைகளைத்தான் பாதிக்கும். சிசேரியன் என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கட்ட வேண்டாம். தலைக்குக் குளித்ததும் போடும் சாம்பிராணிப் புகையைக் குழந்தை இருக்கும் அறையில் போடாதீர்கள், துவாலையால் துவட்டினாலே ஈரம் போகும்.

முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலும் தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் மனம் ஒட்டாமல், குழந்தையைப் பார்த்தே பயமாக இருந்தால் மறைக்காதீர்கள். 14416 அரசின் டெலி-மானஸ் என்ற மனநல ஆலோசனை இலவச எண். தமிழிலும் பேசுவார்கள்.

 கடைசியாக ஒன்று: அந்த வளைகாப்பு பிளவுஸின் உள்ளே விட்ட ஓர் அங்குலத்தை இப்போதே வெட்டிவிடாதீர்கள். பால் கொடுக்கும் மாதங்களில் அந்தத் துணி தேவைப்படும், முன்பக்க ஹூக்கும்தான்.