வாசகர் கேள்வி, சட்டத்தின் பதில்: நாய் கடித்தால் பொறுப்பு யாருடையது?

வளர்ப்பு நாய்களின் தாக்குதல் குறித்து வந்திருந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன். இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், எந்த விதி எந்த நாட்டினுடையது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நடைப்பயிற்சிக்குச் சென்றபோது பக்கத்து வீட்டு நாய் திறந்திருந்த வாசல் வழியாக ஓடிவந்து என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. வளர்ப்பவரிடம் முறையிட்டால், "இது இதுவரை யாரையும் கடித்ததில்லை, தடுப்பூசியும் தவறாமல் போட்டிருக்கிறோம், இதற்கு மேல் எங்களால் என்ன செய்ய முடியும்?" என்கிறார். அவர் சொல்வது சட்டப்படி செல்லுமா?

பதில்: சட்டத்திற்கு முன் உங்கள் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பதாக அதன் சொந்தக்காரர் சொன்னாலும், உங்களுக்கு ஊசி தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது மிக அரிது. மனிதர்களுக்கு அந்த நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்கள் மூலமாகவே வருகிறது. கடித்த நாயைப் பத்து நாட்கள் கண்காணிப்பில் வைத்திருப்பதும் முக்கியம். அந்த நாட்களில் நாயை வேறெங்கும் அனுப்பிவிடக் கூடாது என்று வளர்ப்பவரிடம் இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இனி அவர் சொல்லும் வாதத்திற்கு வருவோம். "இதுவரை கடித்ததில்லை" என்பது பழைய வாதம்; ஒரு காலத்தில் நன்றாகவே செல்லுபடியான வாதமும்கூட. இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில் (நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சட்டத்தில்), தன் நாய் மூர்க்கமானது என்பது வளர்ப்பவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று கடிபட்டவர் நிரூபித்தால்தான், கவனக்குறைவைத் தனியே காட்டாமலேயே இழப்பீடு பெற முடிந்தது. அதற்கும் முன்னால், ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டம் இதை வேறு விதமாகப் பார்த்தது. ஒருவரின் விலங்கு தீங்கு செய்தால், அவர் நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும். இல்லையேல் அந்த விலங்கையே பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஐரோப்பாவின் பெரிய சட்டத் தொகுப்புகள் வளர்ப்பவரின் பக்கமே பொறுப்பை வைத்தன. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் இன்றைய 1243-ஆம் பிரிவின்படி, விலங்கின் சொந்தக்காரரோ அதைப் பயன்படுத்துபவரோ, அது அவர் பாதுகாப்பில் இருந்தபோது மட்டுமன்றி, வழி தவறியோ தப்பியோடியோ இருந்தபோது செய்த தீங்குக்கும் பொறுப்பாவார். ஜெர்மானியச் சட்டத்தின் 833-ஆம் பிரிவு, செல்லமாக வளர்க்கப்படும் விலங்குக்குத் தவறே இல்லாமலும் பொறுப்பு ஏற்கச் சொல்கிறது. பிழைப்புக்கோ தொழிலுக்கோ பயன்படும் வீட்டு விலங்கானால் மட்டும், தக்க கவனம் செலுத்தியதாகக் காட்டி விடுபடலாம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணச் சட்டமும், அமெரிக்காவின் கலிபோர்னியா உரிமையியல் சட்டத்தின் 3342-ஆம் பிரிவும் நாயின் முந்தைய நடத்தையையும் அதை வளர்ப்பவர் அறிந்திருந்தாரா என்பதையும் பொருட்படுத்துவதே இல்லை. முன்னறிவு இல்லையென்றால் வழக்கே இல்லை என்று நெடுங்காலம் பிடிவாதமாக நின்ற நியூயார்க் மாநிலத்திலும், கடிபட்ட ஒரு தபால் ஊழியரின் வழக்கில், கவனக்குறைவின் அடிப்படையிலும் இழப்பீடு கோரலாம் என்று அதன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-இல் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது.

இந்தியாவில் நாய்க்கடிக்கென்று தனி இழப்பீட்டுச் சட்டம் கிடையாது. கவனக்குறைவு என்ற பொதுக் கோட்பாட்டின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தை அணுக வேண்டும். குற்றவியல் பக்கத்தில், முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது. தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ கொடுங்காயத்திற்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை, அறிந்தோ கவனக்குறைவாலோ செய்யத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நாய் முன்பு கடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முன்னறிவு தேவைப்படும் இடங்களிலும்கூட, அறிவு என்பது முந்தைய கடியால் மட்டும் வருவதன்று. வழிப்போக்கர்களைக் கண்டால் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்வது, பல்லைக் காட்டி உறுமுவது, விருந்தினர் வந்தால் அறையில் பூட்டி வைக்க நேர்வது ஆகியவை எல்லாம் வளர்ப்பவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும். மேலும் உங்கள் விஷயத்தில் வாசல் திறந்து கிடந்தது. நாயின் குணம் எதுவாயினும், அது கவனக்குறைவுக்கு நேரடியான ஆதாரம். தடுப்பூசி நோயின் அபாயத்தைக் குறைக்குமே தவிர, கடித்த காயத்திற்கான பொறுப்பில் ஒரு துளியையும் குறைக்காது.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறோம். அதைப் பார்த்தும் உள்ளே வந்த ஒரு பொருள் விநியோக ஊழியரை நாய் கடித்துவிட்டது. எச்சரிக்கையை மீறி வந்தது அவர் தவறுதானே?

பதில்: இல்லை. பலகையை ஒரு கவசமாக நீங்கள் நம்பியிருந்தால், அந்த நம்பிக்கையை இப்போதே கைவிடுவது நல்லது. உங்கள் வீட்டுக்குப் பொருள் கொண்டுவருபவர் உங்கள் மறைமுகமான அழைப்பின் பேரில்தான் வாசலைத் தாண்டுகிறார். கலிபோர்னியாவின் பிரிவு, சட்டமோ தபால் விதிகளோ சுமத்திய கடமையைச் செய்வதற்காக ஒருவரின் இடத்திற்குள் வருபவரும் சட்டபூர்வமாக வந்தவரே என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஊழியர் அழைப்புமணியை அடையும் வழியில் நாய் அவிழ்ந்து திரியுமானால், பலகையைப் படித்தபின் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வியை எந்த நீதிபதியும் கேட்பார். அதற்கு மேல், "ஆபத்து என்று தெரிந்துதானே பலகை வைத்தீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே பலகையை உங்களுக்கு எதிராகவே திருப்பவும் கூடும்.

அத்துமீறி நுழைந்தவரின் நிலை வேறு. இங்கிலாந்தின் 1971-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, பாதுகாப்புக்காக வைத்திருக்கும் நாய் அத்துமீறியவரைக் கடித்தால், அந்த நாயை அங்கே வைத்திருந்தது நியாயமற்றதாக இல்லாத வரை அச்சட்டத்தின் கீழ் வளர்ப்பவருக்குப் பொறுப்பு இல்லை. லண்டனின் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் இரவில் அவிழ்த்துவிடப்பட்ட அல்சேஷன் நாய், பூட்டிய வளாகத்திற்குள் நுழைந்த பெண்ணொருவரைக் கடித்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் கிடங்குக்காரரை விடுவித்தது. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு ஆறுதல் அடைய வேண்டாம். அந்தச் சம்பவத்திற்குப் பின் வந்த 1975-ஆம் ஆண்டு காவல் நாய்கள் சட்டம், காவல் நாயை அவிழ்த்துவிட்டால் அதைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றும், நுழைவாயில்தோறும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றும் விதித்தது. பலகை வேண்டும்தான், பூட்டிய கதவும், வருபவர் கைக்கெட்டும்படி வெளியிலேயே பொருத்திய அழைப்புமணியும் அதைவிட வேண்டும். அந்த ஊழியரின் மருத்துவச் செலவை, அவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே முன்வந்து ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நாய் என்னைக் கடிக்கவில்லை. ஆனால் குரைத்தபடி விரட்டி வந்ததில் இருசக்கர வாகனத்தோடு விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. பல் படாத காயத்திற்கு வழக்கு உண்டா?

பதில்: உண்டு. கலிபோர்னியாவின் 3342-ஆம் பிரிவு கடியை மட்டுமே குறிப்பதால், அங்கே இப்படிப்பட்ட காயத்திற்குக் கவனக்குறைவைத் தனியே நிரூபிக்க வேண்டியிருக்கும். ஒண்டாரியோவின் சட்டம் கடியோடு தாக்குதலையும் சேர்த்தே சொல்கிறது. ஜெர்மனியில் விலங்கின் இயல்பிலிருந்து எழுந்த எந்த உடற்காயமும் போதும். இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டமோ, நாய் காயப்படுத்திவிடும் என்று ஒருவர் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தாலே அது ஆபத்தான முறையில் கட்டுப்பாட்டை மீறியதாகக் கொள்கிறது. 2014 முதல் இந்தக் குற்றம் தனியார் இடங்களிலும், சொந்த வீடு உட்பட, பொருந்தும். உங்கள் வழக்கின் கடினமான பகுதி வேறெங்கோ இருக்கிறது: விழுந்ததற்குக் காரணம் அந்த நாய்தான் என்பதையும், அந்த நாய் இன்னாருடையது என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். தெருவில் இருந்தவர்களின் சாட்சியத்தையும் அருகிலுள்ள கண்காணிப்புக் கேமராவின் பதிவையும் தாமதியாமல் கேட்டு வாங்குங்கள். பல கேமராக்களில் பழைய பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும்.

கேள்வி: என் தங்கையின் வீட்டில் அவர்கள் வளர்க்கும் நாயின் வாலை என் மூன்று வயது மகள் மிதித்துவிட்டாள்; நாய் அவள் கன்னத்தில் கடித்துவிட்டது. குழந்தைதான் சீண்டினாள் என்று தங்கையின் கணவர் சொல்கிறார். உறவுக்குள் வழக்கு வேண்டாம் என்றாலும், உண்மை நிலை என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: சீண்டுதல் என்பது பல நாடுகளில் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் தலையாய எதிர்வாதம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஏறத்தாழ உங்கள் மகளின் வயதுடைய ஒரு சிறுமி டால்மேஷன் நாயின் வாலை அறியாமல் மிதித்து, நாய் அவள் கண்ணைக் காயப்படுத்திய வழக்கில், எண்ணமின்றிச் செய்த செயலும் சீண்டுதலே என்று 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எனக்குக் கடுமையானதாகவே படுகிறது. அது அந்த மாநிலச் சட்டத்தில் சீண்டுதல் இல்லாமை ஒரு நிபந்தனையாக எழுதப்பட்டிருந்ததால் வந்தது. எங்கும் செல்லும் பொது விதியாக அதைக் கொள்ளக் கூடாது. மிகச் சிறிய குழந்தையின் மீது பங்களிப்புக் கவனக்குறைவை, அதாவது காயத்திற்குக் கடிபட்டவரின் கவனக்குறைவும் ஒரு காரணம் என்ற பழியை, சுமத்தப் பொதுச் சட்ட மரபு நீதிமன்றங்கள் தயங்குகின்றன. சிறு குழந்தையும் நாயும் இருக்கும் அறையில் பெரியவர் ஒருவர் இருவருக்கும் இடையில் இருந்தாரா என்பதே அங்கு பார்க்கப்படும். அந்தக் கேள்வி தங்கையின் குடும்பத்தோடு சேர்த்து உங்களையும் நோக்கி வரும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர்களின் வீட்டுக் காப்பீட்டில் பிறருக்கு நேரும் காயத்திற்கான பொறுப்பு அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கியிருந்தால், குழந்தையின் சிகிச்சைக்கும், பின்னாளில் தழும்பைச் சீராக்கும் அறுவைக்கும் காப்பீட்டு நிறுவனமே பணம் தரும். உறவினரின் கையிலிருந்து கேட்க வேண்டிய சங்கடம் நேராது. பெர்லின், ஹாம்பர்க் போன்ற ஜெர்மானிய மாநிலங்களில் நாய் வளர்ப்போருக்கு இத்தகைய காப்பீடு கட்டாயம். எல்லா இடங்களிலும் அப்படி ஆக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒருவர் விட்டுச்சென்ற நாய்க்கு நாங்கள் சில மாதங்களாக உணவு வைக்கிறோம். அது யாரையாவது கடித்தால் நாங்கள் பொறுப்பா? கடிபட்டவர்கள் சமரசமாகப் போக விரும்பினால் எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: உணவு வைப்பது மட்டும் ஒருவரை நாயின் சொந்தக்காரர் ஆக்கிவிடாது. ஆனால் கழுத்துப்பட்டை கட்டி, இரவில் உள்ளே படுக்க வைத்து, மருத்துவரிடம் உங்கள் நாய் என்றே பதிவு செய்தால், நாய் உங்கள் வசத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். ஒண்டாரியோவின் சட்டம், நாயை வைத்திருப்பவரையும் அதற்குப் புகலிடம் தருபவரையும் சொந்தக்காரர் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. இங்கிலாந்தின் விலங்குகள் சட்டத்தில் மிக நியாயமான ஒரு விதி இருக்கிறது: நாயை ஒருவர் கைவிட்டாலும், இன்னொருவர் அதை வைத்துக்கொள்ளும் வரை பழையவரே பொறுப்பாளராக நீடிப்பார். திரியும் நாயை, அது யாருக்கும் தீங்கு செய்யாமல் தடுக்கவோ உரியவரிடம் சேர்க்கவோ பிடித்து வைத்தவர், அந்தக் காரணத்தால் மட்டும் பொறுப்பாளர் ஆகமாட்டார். இரக்கப்பட்டவரைத் தண்டிக்காமல், கைவிட்டவரைத் தப்பவிடாமல் எழுதப்பட்ட அந்த விதியை மற்ற நாடுகளும் பின்பற்றலாம்.

சமரசத்தைப் பொறுத்தவரை, உரிமையியல் கோரிக்கையைத்தான் இருவரும் பேசி முடித்துக்கொள்ள முடியும். குற்றவியல் வழக்கு பதிவாகியிருந்தால் அது அரசின் வழக்கு, உங்கள் தாளில் எழுதிய வாக்கியத்தால் அது தானாக முடிந்துவிடாது. கடிபட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், காயம் முழுமையாக ஆறுவதற்கு முன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று கையெழுத்திடுவது பெரும் ஆபத்து. நரம்புச் சேதமும், தழும்பும், நாயைக் கண்டாலே வரும் நடுக்கமும் வாரங்கள் கடந்த பிறகே தெரியவரும். வழக்குத் தொடரக் காலக்கெடு இருப்பது உண்மைதான். காயத்திற்கான வழக்கிற்குக் கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகளும் இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகளும் பொதுவாகத் தரப்படுகின்றன. ஆகவே உடனடிச் செலவுக்கான தொகையை இடைக்கால உதவி என்று தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, இறுதித் தொகையை ஊசிகள் முடிந்து, மருத்துவர் காயத்தின் நிலையைச் சான்றாக எழுதித் தந்த பிறகு பேசி முடிவு செய்யுங்கள்.