ஆளுமை வகைக்கு ஏற்றபடி இபாதத்தை, அதாவது வணக்கத்தை, தெரிவு செய்யலாமா? மூளை அறிவியல் அதற்கு ஆதாரம் தருகிறதா?

இணையத்தில் எம்.பி.டி.ஐ. என்ற ஆளுமைச் சோதனையைச் செய்து, அகமுக வகைகளில் ஒன்றான ‘ஐ.என்.எஃப்.பி.’ என்ற முடிவைப் பெற்றிருக்கிறீர்கள். அகமுக மனிதர்களின், அதாவது தனிமையை நாடுகிறவர்களின், மூளைக்குத் தனிமையில் இறைவனை நினைந்து ஓதும் திக்ரே பொருந்தும், கூட்டாகத் தொழும் ஜமாஅத்து அவர்களுக்குச் சுமை என்று ஒரு பயானில் (மார்க்க உரையில்) கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மௌலவி அல்லன். மருதமுனையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். அந்த அளவில் நின்றே சொல்கிறேன்.

கார்ல் யுங் 1921இல் முன்வைத்த உளவியல் வகைகளைக் கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் 16 வகைகளாக விரித்ததுதான் அந்தச் சோதனை. சில வாரங்கள் கழித்து அதை மறுபடி செய்கிறவர்களில் கணிசமானோர் வேறு வகைக்குள் போய் விழுகிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் இன்று பெரிதும் கையாளும் ஐந்து பண்புகளின் முறையில் அகமுகம், புறமுகம் என்று இரண்டு பெட்டிகளே கிடையாது; ஒரே கோட்டில் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறோம்.

என் வீட்டையே சொல்கிறேன். வாப்பா தறிக்காரர், சந்தியில் நின்றால் நான்கு பேரைக் கூட்டிவைத்துக் கதைக்கும் மனிதர். ஆனால் தறிக்குழியில் கால் இறங்கியதும் ஆளே மாறிவிடுவார். நாடா வலப்பக்கம் ஓடும்போது ‘ஸுப்ஹானல்லாஹ்’, இடப்பக்கம் திரும்பும்போது ‘அல்ஹம்துலில்லாஹ்’. நூல் அறுந்தால் திக்ரும் நிற்கும், முடிச்சுப் போட்டு முடியும்வரை உதடு அசையாது. உம்மாவோ விருந்தாளி வந்தால் குசினிக்குள் ஒதுங்குகிறவர். நோன்பு பிறந்துவிட்டால் ஒழுங்கைப் பெண்களைத் தராவீஹ் என்ற நோன்புகால இரவுத் தொழுகைக்குக் கூட்டிப் போக வீடு வீடாகக் கதவு தட்டியவரும் அவரேதான். இருவருக்கும் அந்தச் சோதனையைக் கொடுத்திருந்தால், அவரவர் ருசித்த வணக்கத்துக்கு நேர்மாறானதைத்தான் அது எழுதிக் கொடுத்திருக்கும்.

மூளை அறிவியலில் சரக்கு இல்லாமலில்லை. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழுகையின்போது மூளையின் மின்னலைகளைப் பதிந்து, அமைதியான விழிப்பு நிலையோடு தொடர்புடைய அல்ஃபா அலைகள் கூடுவதைக் கண்டார்கள். லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஜெபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகத் தணிந்து, இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயலும் வலுப்பட்டது. வாப்பாவின் தறித் திக்ரிலும் இப்படி ஒன்று நடந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த மூச்சு ஜெபமாலை எது, மந்திரம் எது என்று பிரித்துப் பார்க்கவில்லையே. அதைத் திக்ரின் சிறப்புக்கு அத்தாட்சியாக மேடையில் காட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதில் மூளைக்கு இரத்தம் பாய்ந்து அறிவு கூடும் என்ற பேச்சும் அந்த வகையே. தலை தாழ்ந்தாலும் நிமிர்ந்தாலும் மூளைக்குப் போகும் இரத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்க அங்குள்ள நாளங்கள் சுருங்கி விரிந்துகொள்கின்றன. மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் ஆளுமை வகைவாரியாக வணக்கத்தை அளந்தவை அல்ல. ஆகவே நீங்கள் கேட்ட பயானுக்கு அவற்றில் இடமில்லை.

மார்க்கம் சுபாவத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறதா என்றால், அழகாக எடுத்திருக்கிறது. இரவுத் தொழுகையில் அபூபக்ர் (ரலி) அவர்கள் மெல்லிய குரலிலும் உமர் (ரலி) அவர்கள் உரத்த குரலிலும் ஓதியதை நபி (ஸல்) அவர்கள் செவியுற்று, பின்னர் அதைப் பற்றி அவர்களிடம் பேசினார்கள். நான் யாரிடம் பேசினேனோ அவனுக்குக் கேட்கிறது என்றார் ஒருவர்; உறங்குபவரை எழுப்புகிறேன், ஷைத்தானை விரட்டுகிறேன் என்றார் மற்றவர். முன்னவரைச் சற்று உயர்த்தவும் பின்னவரைச் சற்றுத் தாழ்த்தவும் சொன்னதாக அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்புகளில் வருகிறது. அவர்களை இடம் மாற்றவில்லை. ‘சற்று’ நகரச் சொன்னார்கள்.

உங்களுக்கும் அந்தச் ‘சற்று’தான் பொருந்தும் என்பது என் எண்ணம். பின்னிரவுத் தஹஜ்ஜுத், திக்ர் போன்ற நபிலான (கட்டாயமில்லாத) அமல்களில் தனிமையைத் தாராளமாகத் தெரிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தெரிவுக்கு இடமில்லை. ஐவேளை ஜமாஅத்தையும் நம் ஊர்களில் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ அவர்கள் பர்ளு கிஃபாயா, அதாவது ஊரார் மீதான கூட்டுக் கடமை, என்றே வலுப்படுத்துகிறார்கள். கூட்டம் உண்மையிலேயே மூச்சடைத்தால் ஸஃப்பின் (தொழுகை வரிசையின்) ஓரத்தில் நில்லுங்கள். ஸலாம் கொடுத்ததும் எழும்பி வந்து, தஸ்பீஹை வீட்டுத் திண்ணையில் ஓதிக்கொள்ளலாம்.