காஸ், பட்டர், முட்டை எதுவும் ஒழுங்காகக் கிடைக்காத நேரத்தில், ஊரில் கிடைப்பதை வைத்து வீட்டில் கேக் சுட முடியுமா?

முடியும். ஆனால் பட்டர் கேக்கை மனதில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததுக்கெல்லாம் ஒவ்வொரு மாற்றுப் பொருளைத் தேடினால் முடியாது. 2022 இல் இலங்கையில் நிறையப் பேர் சறுக்கியது அங்கேதான். மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய். பட்டருக்குப் பதில் அதே அளவு தேங்காயெண்ணெய் விட்டுச் சீனியோடு அடித்துப் பார்த்தார்கள். கேக் பலகைபோல வந்தது.

காரணம் சின்னது. பட்டரையும் சீனியையும் அடிக்கும்போது சீனிக் குறுணிகள் கொழுப்புக்குள் காற்றைச் செருகுகின்றன. அந்தக் காற்றில்தான் கேக் எழும்புகிறது. தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசுக்கு மேல் தண்ணீர்போல இருக்கும். யாழ்ப்பாணத்து வெக்கையில் அது எந்தக் காற்றையும் பிடிக்காது. ஆகவே அடிப்பதால் எழும்பும் கேக்கை விட்டுவிட்டு, சோடாவால் எழும்பும் கேக்குக்கு மாறுங்கள். ரவை, வாழைப்பழம், பனங்கட்டி (கருப்பட்டி), தேங்காய் நான்கும் இதற்குப் போதும். முட்டை தேவையில்லை.

7 அங்குல வட்டத் தகரம் ஒன்றுக்கு: ரவை 200 கிராம், வறுத்த அரிசி மா 50 கிராம், நன்றாகக் கனிந்த கதலி வாழைப்பழம் தோல் நீக்கி 250 கிராம், பனங்கட்டி 150 கிராம், தேங்காயின் முதற்பால் 100 மில்லி, தேங்காயெண்ணெய் 60 மில்லி, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) 60 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காய் நாலைந்து.

பனங்கட்டியை 60 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, அசைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மேலே தெளிந்ததை மட்டும் வடியுங்கள். பனையில் இறக்கும் கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவார்கள். அதில் கொஞ்சம் கட்டியிலும் தங்கியிருக்கும், அடியில் மண்போலப் படியும். அதையும் சேர்த்து ஊற்றிவிட்டு, அப்பச்சோடாவும் போட்டால் கேக் சவர்க்காரம்போலக் கசக்கும். தேசிக்காய்ச் சாறு இந்தக் காரத்தை அடக்கத்தான். அதை விட்டுவிட வேண்டாம்.

தேங்காய்ப்பூவை எண்ணெய் இல்லாமல், மெல்லிய நெருப்பில், ஈரம் போகும்வரை வறுத்தெடுங்கள். பச்சையாகப் போட்டால் கேக் அடுத்த நாளே பழுதான மணம் அடிக்கும்.

பழத்தைக் கையால் பிசைந்து ரவை, பால், வடித்த பாகு, எண்ணெய், உப்பு, ஏலக்காய் எல்லாம் சேர்த்து 30 நிமிடம் மூடி வையுங்கள். ரவை ஊறாவிட்டால் வாயில் மணல்போலக் கடிபடும். ஊறியபின் கலவை கட்டியான தோசை மா பதத்தில், கரண்டியிலிருந்து தொப்பென்று விழ வேண்டும். ஓடினால் இன்னும் ஒரு கரண்டி அரிசி மா. விழவே மறுத்தால் கொஞ்சம் பால். அவித்த கோதுமை மா வீட்டில் இருக்கிறதே என்று அதை அள்ளிப் போடாதீர்கள். அவித்ததில் பசைத்தன்மை செத்துவிடும், கேக் உதிரும். புட்டுக்கு அது நல்லது, இதற்கு அல்ல.

இனி நெருப்பு. முக்கால்வாசிக் கேக் பழுதாவது இங்கேதான்.

மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுவது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. சிங்கள வீடுகளில் பிபிக்கன் என்ற தேங்காய்க் கேக் நெடுங்காலம் அப்படித்தான் வெந்தது. அடி தடித்த பெரிய தாச்சி அல்லது பானை, அதற்குள் ஓர் அங்குலம் காய்ந்த ஆற்று மணல், மணலில் மூன்று சிறு கற்கள், கற்களின் மேல் தகரம். மூடியாகத் தட்டையான இரும்புத் தட்டு, அந்தத் தட்டில் தணல். சிரட்டைக் கரி சிறந்தது, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) கரியும் நிற்கும். பொச்சு (தேங்காய் மட்டை) சட்டென்று எரிந்து சட்டென்று அணைந்துவிடும். பற்றவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுவாலை முழுக்க அடங்கி, மேலே வெண்சாம்பல் படர்ந்தபிறகே தணல் தயார். அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். ரவையை ஊறவைத்த கையோடு நெருப்பையும் மூட்டுங்கள்.

தணலை மூன்று பங்காக்கி ஒரு பங்கு பாத்திரத்துக்குக் கீழே, இரண்டு பங்கு மூடிக்கு மேலே. பலர் நேர்மாறாகச் செய்து அடி கருகி நடு பச்சையாக எடுக்கிறார்கள். கீழே மணல் வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும்; பனங்கட்டி கருகவும் அதிக நேரம் வேண்டாம். மேற்பக்கமோ பாத்திரத்துக்குள் எழும் ஆவியில் வெளிறிப்போய் நிற்கும், அதற்குத்தான் கூடுதல் சூடு தேவை.

வெப்பமானி இல்லாமல் சூட்டைப் பார்க்கப் பழைய வழி ஒன்று உண்டு. ஒரு பேணி மூடியில் வெறும் கோதுமை மாவை ஒரு சிட்டிகை பரப்பி, கற்களின் மேல் வைத்து மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. அதற்குள் கரும்பழுப்பானால் கீழ்த்தணலில் பாதியை இழுத்து வெளியே தள்ளுங்கள். நிறமே மாறாவிட்டால் மேலே கூட்டுங்கள்.

எண்ணெய்த் தாள் தேட வேண்டாம். வாழையிலையை நெருப்பில் வாட்டி, தகரத்தின் அடியிலும் சுற்றிலும் விரித்து எண்ணெய் தடவினால் போதும், வாசமும் இலவசம்.

தணலும் சூடும் சரியானபிறகுதான் அரிசி மா, பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, தேங்காய்ப்பூ நான்கையும் கலந்து ஊறிய கலவையில் போட வேண்டும். கடைசியில் தேசிக்காய்ச் சாறு. கலவை அந்த நேரம் ஆறியிருக்க வேண்டும். சூடான பாகில் சோடா போட்டால் பொங்கி, அடுப்பேறுமுன் அதன் வேலை முடிந்துவிடும். இருபது தடவை கிளறினால் போதும். தகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் உடனே உள்ளே வையுங்கள்.

முதல் 35 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். இருபதாவது நிமிடத்தில் மேல்தட்டுக்கு மட்டும் புதுத் தணல் போடலாம், தூக்க வேண்டாம். ஐம்பதாவது நிமிடத்தில் நடுவில் ஈர்க்கு குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் இறக்குங்கள். இல்லையென்றால் இன்னும் பத்து நிமிடம். நடு குழிந்தால் மூடியை முந்தித் திறந்திருப்பீர்கள், அல்லது சோடா கூடிவிட்டது. எழும்பியும் உள்ளே களிபோல இருந்தால் பழம் அளவுக்கு மேல் போயிருக்கும். இந்த வாழைப்பழ விஷயத்தில் "இன்னொன்றும் கிடக்கட்டும்" என்ற தாராளம் வேண்டாம், நிறுத்துப் போடுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கரித்தணலைப் பூட்டிய அறைக்குள், மழை என்றாலும், வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும். முற்றம், அல்லது காற்றோடும் திறந்த தாழ்வாரம்.

ஆவணியில் பனம்பழம் விழும் காலத்தில் வாழைப்பழத்தில் பாதியைப் பனங்களியாக மாற்றலாம். களியைத் தும்பு போகத் துணியில் வடித்து, ஒரு பிடி சீனி சேர்த்து, பச்சை வாசம் போய் இறுகும்வரை காய்ச்சி ஆறவைத்துப் போடுங்கள். காய்ச்சாமல் போட்டால் கசக்கும். ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கின் மா) போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கூழுக்கே விடுங்கள்.

இத்தனை தட்டுப்பாட்டில் கேக் சுடுவதில் என்ன ஆறுதல் என்று கேட்கலாம். இனிப்பில் இருப்பது கொஞ்சம்தான். வரிசையும் விலையும் பேசியே களைத்த வீட்டில் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் வேலை வருகிறது: ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் தணல் பார்க்க, பிள்ளைகள் ஈர்க்கு எடுத்துவர. கரண்ட் இல்லாவிட்டாலும் நடக்கும் வேலை அது.

வெந்த கேக்கை இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டு வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் ரவை உதிரும். அடுத்த நாள் பனங்கட்டி ஊறி இன்னும் நன்றாயிருக்கும். மூன்றாம் நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மிஞ்சிய துண்டுகளைத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டினால் தேநீரோடு போகும். மணலுக்குள் சூடு நெடுநேரம் நிற்கும். தகரத்தை எடுத்ததும் இரண்டு வற்றாளங்கிழங்கை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) அதில் புதைத்து, மேலே மிச்சத் தணலைப் பரப்பி மூடிவிடுங்கள், காலைச் சாப்பாட்டுக்கு ஆகும்.