நகையை அடகு வைக்கும் முன்பு

அம்மா, போன சனிக்கிழமை கோவில்பட்டியிலிருந்து காலை பஸ் பிடித்து வந்து, "பொண்ணு ஹாக்கி மட்டையோடவே அலையிறா சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் போயிடும்னு அண்ணன் சொல்றார்" என்று கண் கலங்கினீர்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அன்று ஆறுதல் சொன்னேன். இன்று வேறு சொல்கிறேன். நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டா சீட் வாங்காதீர்கள். உங்கள் அண்ணன் நல்லதுதான் நினைக்கிறார். ஆனால் வட்டி கட்டப்போவது நீங்கள், நான்கு வருடம் உட்கார்ந்து படிக்கப்போவது உங்கள் மகள்.

நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது அவள் ஒரு நோட்டைக் காட்டினாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தோழிகளின் எடையை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே எத்தனை மணி நேரம் தூங்கினார்கள், எங்கே வலி என்றும் இருக்கிறது. நடுக்களத்தில் ஆடும் பெண்ணுக்கு ஒரே ஆட்டத்தில் ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறது. மறுநாள் கடைசி குவார்ட்டரில் அவளுக்குத்தான் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்த வேலை இது.

இதற்கென்றே படிப்பு இருக்கிறது: விளையாட்டு அறிவியல். ஆட்டத்துக்கு ஆட்டம் உடம்பு படும் பாடு வேறு. கால்பந்தில் ஒருவர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் தீர்ந்துபோன, தசையில் சேர்ந்திருந்த சர்க்கரை முழுதாய் நிரம்ப 2, 3 நாள்கூட ஆகும். ஹாக்கியில் 15 நிமிடமாக நான்கு குவார்ட்டர். ஆளை எத்தனை முறையும் மாற்றலாம், ஆனால் குனிந்தே ஓடுவதால் முதுகு வலி வந்துவிடும். கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடிதான். சட்டென்று நின்று திரும்புவதில் முழங்கால் போய்விடும். வாலிபாலில் குதித்துக் குதித்து முட்டிக்குக் கீழே உள்ள தசைநாண் நொந்துபோகும். எல்லோருக்கும் ஒரே ஐஸ் கட்டி, ஒரே ஓய்வு என்றால் சரிவராது. ஆட்டத்தில் எடை குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும், உப்பும் சேர. அடுத்த ஆட்டம் சீக்கிரமே இருந்தால், 50 கிலோ பெண் முதல் சில மணி நேரம் மணிக்கு 50 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும். மணிக்கு இரண்டு பெரிய வாழைப்பழம் போதும். அப்புறம் தூக்கம், அதற்கு மாற்றே கிடையாது. இதையெல்லாம் ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டு, நாளை யாரை இறக்கலாம், யாரை உட்கார வைக்கலாம் என்று கோச்சிடம் சொல்பவர்தான் அந்த வேலையில் இருப்பவர்.

சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் முதலில் அங்கே போய் விசாரியுங்கள். தனியாரிலும் இந்தப் படிப்பு உண்டு. மொத்தக் கட்டணத்தையும் விடுதியோடு சேர்த்து எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் கட்டக் கூடாது. வெளிநாட்டுச் சான்றிதழ் என்று யாராவது டாலரில் பணம் கேட்டால், பட்டம் முடியட்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் வேலை போல இருக்காது, அதை மறைக்க மாட்டேன். கடன் இல்லாமல் படித்தால் அந்தச் சம்பளத்தில் அவளால் நிற்க முடியும்.

வியாழக்கிழமை கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டுவதாகச் சொன்னீர்கள். அதை நிறுத்திவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்த நோட்டை அவளே அவருக்குப் படித்துக் காட்டட்டும்.