டவருக்கு அடியில் கிடைக்கும் வேகம் யாருக்கு வேண்டும்?

கேள்வி: 4ஜி-யிலேயே பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. 5ஜி வந்துவிட்டது என்றார்கள், இப்போது 6ஜி-யைப் பற்றிப் பேசுகிறார்கள். புதிய தலைமுறை நெட்வொர்க்கை நேர்மையாகக் கொண்டுவந்து, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்க நிறுவனங்களுக்கு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. முதலில் விளம்பரத்தில் போடும் எண்ணை மாற்ற வேண்டும்.

5ஜி-க்கு ஐ.நா. அமைப்பான சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த தகுதிகளில் உச்ச வேகம், அதாவது எல்லாம் சாதகமாக இருந்தால் கிடைப்பது, நொடிக்கு 20 கிகாபிட் (ஒரு கிகாபிட் என்பது ஆயிரம் மெகாபிட்). நெருக்கமான நகரப் பகுதியில் பயனாளருக்குக் கிடைக்க வேண்டியதாக அதே ஒன்றியம் சொன்னது 100 மெகாபிட். இரண்டுக்கும் 200 மடங்கு வித்தியாசம். தென் கொரிய மொபைல் நிறுவனங்கள் மூன்றும் 20 கிகாபிட்டையே விளம்பரத்தில் போட்டன. மக்களுக்குச் சராசரியாக ஒரு கிகாபிட்கூடக் கிடைக்கவில்லை. 2023-ல் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் மூன்றுக்கும் சேர்த்து 3,360 கோடி வொன் அபராதம் போட்டது. போட்டது சரி என்பேன்.

அலைவரிசை விஷயத்தையும் வாடிக்கையாளரிடம் யாரும் விளக்குவதில்லை. 700 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். ஆனால் வேகம் 4ஜி-யைவிட மிக அதிகமாக இருக்காது. 28 கிகாஹெர்ட்ஸ் அசுர வேகம் தரும். சில நூறு மீட்டர்தான் எட்டும், சுவரும் மரக்கிளையும் தடுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே '5ஜி' முத்திரை! நடுவிலுள்ள 3.5 கிகாஹெர்ட்ஸை வைத்து ஊரை நிரப்பிவிட்டு, கூட்டம் குவியும் ரயில் நிலையம், விளையாட்டு அரங்கம் போன்ற இடங்களில் மட்டும் உயர் அலைவரிசை வைப்பதுதான் நடக்கக்கூடிய திட்டம். டவருக்கு ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்) போகவில்லை என்றால், அதில் எந்த ஆன்டெனாவைப் பொருத்தியும் பயனில்லை. செலவு அங்கேதான் முதலில் போக வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. பல நிறுவனங்கள் 5ஜி ரேடியோவை 4ஜி மையக் கட்டமைப்பின் (அழைப்பையும் டேட்டாவையும் வழிநடத்தும் பகுதி) மேல்தான் முதலில் மாட்டின. அப்படிப்பட்ட நெட்வொர்க்கில் போனில் 5ஜி குறி தெரியும். உங்கள் பேச்சு 4ஜி வழியாகவே போகும். ஆகவே 5ஜி-க்குப் பணம் வேண்டும் என்று 4ஜி பராமரிப்பைப் பட்டினி போட்டால், பேச்சு அறுவது குறையாது, கூடும். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. தூரத்திலிருந்து அறுவைசிகிச்சை செய்யலாம் என்றெல்லாம் விளம்பரம் எடுப்பவர்கள், அதற்கு வேண்டிய தனி 5ஜி மையத்தைக் கட்டி முடித்த பிறகு எடுக்கட்டும்.

5ஜி-யின் பெரிய லாபம் ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கூடினாலும் எல்லோருக்கும் இணைப்பு கிடைப்பது. கேபிள் எட்டாத வீட்டுக்கு பிராட்பேண்ட் தருவது இன்னொன்று. இவை நிஜம், சொல்லி விற்கலாம். கூடவே வீட்டுக்குள்ளும் வெளியிலும் எவ்வளவு கிடைக்கும் என்று தனித்தனியாகக் காட்டும் வரைபடம் தர வேண்டும். சிக்னல் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் பழைய திட்டத்துக்கே திரும்பவும் விட வேண்டும்.

6ஜி-க்கு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் பொதுவான வரைவைத் தந்ததே 2023-ல்தான். சேவை 2030-ஐ ஒட்டித்தான் எதிர்பார்க்கப்படுகிறது. இப்போதே அதைக் காட்டி யாராவது போன் விற்றால் வாங்காதீர்கள். 5ஜி திட்டத்துக்கு மாறும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் வீட்டுக்குள் எந்த அலைவரிசை வருகிறது, என் போன் அதை எடுக்குமா? பதில் வராவிட்டால் 4ஜி-யிலேயே இருங்கள்.