மருத்துவர் பதில்: ஐந்து வருடம் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டேன், இனி பலன் உண்டா?

கேள்வி: எனக்கு வயது 51. குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். ஏழு வருடத்துக்கு முன் சுகர் இருப்பது தெரிந்தது. ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டேன். சுகர் நார்மலுக்கு வந்தது. ‘தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடும்’ என்று கூட வேலை செய்பவர் சொன்னார், நிறுத்திவிட்டேன். சிறுகுறிஞ்சான் பொடியும் ஆவாரம்பூ கஷாயமும் குடித்துவந்தேன். மகள் கல்யாணம், கடன் என்று ஐந்தரை வருடம் ஓடிவிட்டது. போன மாதம் பாத எரிச்சலுக்காகப் போனபோது டெஸ்ட் எடுத்தார்கள். மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ.1சி) 10.8, சிறுநீரில் அல்புமின் (புரதம்) 140, பிரஷர் 150/90. விழித்திரையில் மாற்றம் தொடங்கியிருக்கிறது என்கிறார் கண் டாக்டர். மாத்திரை வாங்கிவிட்டேன், ஆனால் மறுபடி டாக்டர் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. நானே என்னைக் கெடுத்துக்கொண்டேன் என்ற நினைப்புதான். இப்போது ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். இனி மருந்து எடுத்து என்ன பலன்? 22 வயது மகனுக்கும் வருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் தந்தது ‘ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன்’ என்ற வரி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

இன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பிடுங்கள். நீங்கள் வாங்கிய மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு என்று ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகள் இவை. இவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நிற்பீர்கள் என்பதுதான் என் பயம். அப்படி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள், கால் மணி நேரம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடி குடியுங்கள். கூட வேலை செய்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பல வருடம் கவனிக்காமல் விட்டவர்கள், ரிப்போர்ட்டைப் பார்த்த மறுநாளே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிக்கட்டப் பார்ப்பார்கள். சோற்றை அடியோடு விடுவார்கள், டாக்டர் ஒன்று எழுதினால் இரண்டாகப் போடுவார்கள். மனசுக்குள் அது பிராயச்சித்தம். உடம்புக்கு அது ஆபத்து. நீண்ட காலம் உயரத்தில் இருந்த சர்க்கரையை வேகமாக இறக்கினால், ஏற்கெனவே பாதித்த விழித்திரை முதல் சில மாதங்களில் இன்னும் கொஞ்சம் மோசமாகலாம். சிலருக்கு மூன்று மாதத்துக்குள் எச்.பி.ஏ.1சி இரண்டு புள்ளிக்கு மேல் இறங்கும்போது கால் நரம்பு வலி கடுமையாக எழும். அதனால்தான் கண்ணில் மாற்றம் உள்ளவருக்குச் சர்க்கரையைப் படிப்படியாக இறக்குகிறோம். உங்களுக்கு 10.8 இருக்கிறது. அடுத்த டெஸ்டில் 9 பக்கம் வந்தால் அது நல்ல முன்னேற்றம். ஒரே மாதத்தில் 7 வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். கண் டாக்டரை மூன்று மாதத்துக்குள் மறுபடி பாருங்கள். நடுவில் பார்வை மங்கினாலோ, கண் முன் கரும்புள்ளி மிதந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.

சரி, ‘இனி என்ன பலன்’ என்ற கேள்விக்கு வருவோம். டென்மார்க்கில் கோபன்ஹேகனில் உள்ள ஸ்டெனோ சர்க்கரை நோய் மையம் செய்த ஆய்வு ஒன்று உங்களுக்கென்றே செய்தது போல இருக்கும். அதில் சேர்ந்த 160 பேருக்கும் இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருந்தது. எல்லோருக்கும் சிறுநீரில் அல்புமின் கசிய ஆரம்பித்திருந்தது, உங்களைப் போலவே. சராசரி வயது 55. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் சேர்த்து, சாப்பாடு, நடை, புகை நிறுத்துவது உட்பட முழுத் தீவிரத்துடன் சிகிச்சை கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அக்காலத்து வழக்கமான சிகிச்சை. ஏறக்குறைய எட்டு வருட முடிவில், தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பாதியளவுக்குக் குறைந்திருந்தன. அதன்பின் எல்லோருக்குமே அந்தச் சிகிச்சையைக் கொடுத்து, 21 வருடம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். தீவிர சிகிச்சையை முதலிலேயே ஆரம்பித்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 8 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

இதில் இரண்டு சேதி இருக்கிறது, இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். தாமதத்துக்கு விலை உண்டு. தாமதித்தவருக்குப் பின்னால் அதே மருந்து கொடுத்தாலும், முன்னால் கிளம்பியவருடைய லாபம் அப்படியே நின்றது. விட்டுப்போன ஐந்தரை வருடத்தால் ஒன்றுமே ஆகவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு சேதி, அந்த ஆய்வுக்கு வந்த அத்தனை பேருமே கிட்னியில் கசிவு தொடங்கிய பிறகுதான் வந்தார்கள். அந்த நிலையிலிருந்து எட்டு வருட ஆயுள் கிடைத்தது. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான். இன்றைக்கு நம்மிடம் அப்போது இல்லாத மருந்துகளும் இருக்கின்றன.

உறுப்பு உறுப்பாகப் பார்த்தால், கிட்னிதான் நம்பிக்கைக்கு அதிகம் இடம் தருகிறது. சிறுநீர் அல்புமின் 30க்குள் இருந்தால் நார்மல், 300ஐத் தாண்டினால் கசிவு தீவிரம். உங்களுக்கு 140. ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டன் வகை மாத்திரை பிரஷரையும் குறைக்கும், கசிவையும் குறைக்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் கிட்னி தேயும் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. கசிவு 140லிருந்து மறுபடி 30க்குள் இறங்கியவர்களும் உண்டு. இந்த மாத்திரைகளை ஆரம்பித்த ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (கிட்னியின் நிலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும், மறக்க வேண்டாம். மூட்டுவலி, முதுகுவலிக்கு மெடிக்கலில் நீங்களாகவே வாங்கும் வலி மாத்திரைகளை விட்டுவிடுங்கள். தறி வேலை செய்பவர்கள் அவற்றை எவ்வளவு சாதாரணமாக விழுங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சேர்மானம் தெரியாத பஸ்பம், லேகியமும் வேண்டாம். கண்ணைப் பொறுத்தவரை, தொடக்கநிலை மாற்றத்தை அப்படியே நிறுத்திவைக்க முடியும். மீறினால் லேசரும் ஊசியும் இருக்கின்றன. பாதத்தில் எரிச்சலைக் குறைக்க மருந்து உண்டு, ஆனால் உணர்ச்சி மரத்துப்போயிருந்தால் அது முழுதாகத் திரும்புவது கடினம். தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு உட்படப் பாருங்கள். தறிக்கூடத்திலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

மாத்திரையால் கிட்னி போகும் என்ற பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. கிட்னி கெட்ட சர்க்கரை நோயாளிகள் பலர் மாத்திரை சாப்பிட்டவர்களாக இருப்பதால் ஜனங்கள் அப்படி முடிச்சுப் போடுகிறார்கள். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும். கிட்னி ஓரளவுக்கு மேல் தேய்ந்தபின் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ செய்வோம், அவ்வளவுதான். நீங்கள் கிட்னியைக் காப்பாற்ற நினைத்துத்தான் மாத்திரையை நிறுத்தினீர்கள். அது அலட்சியம் அல்ல, தவறான தகவல். அன்றைக்கு உங்கள் கையில் நார்மல் என்ற ரிப்போர்ட் இருந்தது, உடம்பில் வலி இல்லை. மாத்திரை வேலை செய்வதால்தான் நார்மல், நிறுத்தினால் ஏறிவிடும் என்று யாராவது உட்காரவைத்துப் பத்து நிமிடம் சொன்னார்களா? பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் பங்கு இருக்கிறது, அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனால் முழுப் பாரத்தையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்வது நியாயம் இல்லை.

வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். பல வருடம் கழித்து வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். பழைய சீட்டுகள் துணிப்பையில் அடியில் இருக்கும், மேலே புது ரிப்போர்ட். பையைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். ‘மாத்திரை எடுத்தீங்களா’ என்றால், ‘எடுத்தேங்க, நடுவுல கொஞ்சம் விட்டுப்போச்சு’ என்று பதில் வரும். கூட வந்த மனைவி கதவைப் பார்ப்பார். அந்தக் கொஞ்சம் என்பது நாலு வருடமாக இருக்கும். திட்டு வாங்கப் பயந்து சொல்லும் அந்தப் பொய் வைத்தியத்தையே தடம் மாற்றிவிடும். மாத்திரை போட்டும் 10.8 என்று டாக்டர் நினைத்தால், இது போதவில்லை என்று அளவைக் கூட்டுவார், இன்சுலினைச் சேர்ப்பார். நீங்கள் இப்போது ஒழுங்காகப் போட ஆரம்பித்தவுடன் சர்க்கரை கீழே விழும்.

அதனால் உள்ளே போனதும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: ‘டாக்டர், நான் அஞ்சரை வருஷமா மாத்திரையே போடல, போன மாசத்துல இருந்துதான் போடறேன்.’ அவ்வளவு போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. திட்டுகிற டாக்டர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். திட்டினால் வைத்தியத்தை விடாதீர்கள், டாக்டரை மாற்றிக்கொள்ளுங்கள். செலவு காரணமாக விட்டுப்போகும் என்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

ராத்திரி நினைப்புக்கு வருகிறேன். வருத்தம் வருவது இயற்கை, அதைத் துரத்த வேண்டாம். படுத்துக்கொண்டே யோசித்தால்தான் அது சுற்றிச் சுற்றி வரும். எழுந்து உட்கார்ந்து ஒரு நோட்டில் அந்த நினைப்பை எழுதிவிட்டு, அதன் கீழே மறுநாள் செய்யப்போகும் ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். ‘காலையில் டெல்மிசார்டன்’ என்று இருந்தால்கூடப் போதும். நைட் ஷிஃப்ட் உண்டென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்றலாம். மனைவி ‘அப்பவே சொன்னேன்ல’ என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தால், அவருக்கும் பயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவரையும் அழைத்துப் போய், இன்னும் எதைக் காப்பாற்ற முடியும் என்பதை டாக்டர் வாயாலேயே கேட்கவையுங்கள். வீட்டில் பேச்சு மாறும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, சாப்பிடத் தோன்றாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இது உங்களுக்குக் கிடைத்த தண்டனை அல்ல, மருந்துக்கும் பேச்சுக்கும் கேட்கும் ஒரு நோய். இருந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றினால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். 14416 எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எந்த நேரமும் தமிழிலேயே கிடைக்கும்.

மகனைப் பற்றி: அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் வந்தே தீரும் என்றில்லை. வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு முறை ரத்தம் பார்த்துவிடுங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரைக் கவனித்தார்கள். சும்மா விட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு மூன்று வருடத்தில் சுகர் வந்தது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் அது 39 பேருக்குத்தான் வந்தது. மகன் இப்போதே தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கட்டும், தொப்பை போடாமல் பார்த்துக்கொள்ளட்டும். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்கிறீர்கள். கர்ப்பமானால், அப்பாவுக்குச் சுகர் உண்டு என்பதை முதல் செக்கப்பிலேயே சொல்லச் சொல்லுங்கள், சர்க்கரை டெஸ்டை அப்போதே எடுப்பார்கள்.